தினம் 1.5 ஜிபி டேட்டாவை வைத்துக்கொண்டு லினக்ஸ் போடுவது எப்படி?

கேள்வி இதுதான்: வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. கைபேசியில் நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா. அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். கையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். நிரல் எழுதிப் பழகவும் தமிழில் தட்டச்சு செய்யவும் அதில் லினக்ஸ் போட வேண்டும். எதைப் பதிவிறக்குவது, எப்படிப் போடுவது?

கட்டாயம் முடியும். கிராமங்களில் இருக்கும் நண்பர்களுக்கும், சில பள்ளிகளின் கணினி அறைகளுக்கும் இப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் பதில்: லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் போடுங்கள், எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்போடு (திரையில் தெரியும் மெனு, சாளரங்கள்), டிவிடி-1 என்ற பெரிய ஐஎஸ்ஓவிலிருந்து (நிறுவல் வட்டு முழுவதையும் அடக்கிய ஒரே கோப்பு). நிறுவும்போது இணையத்தைத் தொடவே வேண்டாம். டேட்டா குறைவாக இருக்கிறவருக்கு இருப்பதிலேயே பெரிய கோப்பைச் சொல்கிறேனே என்று தோன்றும். அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெபியன் தளத்துக்குப் போனதும் கண்ணில் படுவது நெட்இன்ஸ்ட் என்ற சின்ன ஐஎஸ்ஓ. பதிப்பைப் பொறுத்து 600 முதல் 800 எம்பி வரை இருக்கும். டேட்டா குறைவு என்றால் எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள். ஆனால் இதில் இருப்பது அடிப்படை அமைப்பு மட்டும்தான். முகப்பு, உலாவி, லிப்ரே ஆஃபிஸ் என்று நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகிற அத்தனையும் நிறுவும் நேரத்தில்தான் இணையத்திலிருந்து வரும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்புக்கே அது சுமார் 1 ஜிபியோ அதற்கு மேலோ ஆகும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்), ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அமர்வில் வந்தாக வேண்டும். நடுவில் சிக்னல் போனால் நிறுவி நின்று 'மறுபடி முயலவா?' என்று கேட்கும். லேப்டாப் அணையாமல் இருந்தால் தொடரலாம். அணைந்துவிட்டால் வந்த பேக்கேஜ்கள் எல்லாம் போயிற்று, மறுபடி முதலிலிருந்துதான்.

எனக்கு இது நடந்திருக்கிறது. நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் நெட்இன்ஸ்ட் வழியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி பேக்கேஜ்கள் வந்திருந்தபோது மின்சாரம் போனது. அந்த லேப்டாப்பின் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அன்றைய டேட்டா முழுவதும் வீண். அவர் அந்த மாதம் ரீசார்ஜ் செய்ததே எனக்காகத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து குறைந்த டேட்டா உள்ள இடத்தில் நெட்இன்ஸ்ட்டை நான் பரிந்துரைப்பதில்லை.

டிவிடி-1 சுமார் 3.7 ஜிபி. முகப்பு, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ், பைத்தான், சி மொழித் தொகுப்பி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதன் பெரிய வசதி, அது ஒரே கோப்பு. ஒரே கோப்பு என்றால் பாதியில் நிறுத்தலாம், நாளைக்குத் தொடரலாம், வேறு ஊரில் இறக்கி எடுத்து வரலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். நெட்இன்ஸ்ட் இழுக்கும் ஆயிரம் பேக்கேஜ்களை அப்படிக் கையாள முடியாது.

இப்போது கணக்கு. உங்கள் பகுதியில் 5 எம்பிபிஎஸ் வேகம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் 1.5 ஜிபி இறங்க 40 நிமிடம் போதும். 3.7 ஜிபிக்கு மூன்று நாள் டேட்டா வேண்டும். ஆனால் மூன்று இரவுகள் விழித்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான திட்டங்களில் நள்ளிரவு 12 மணிக்குப் புது நாளின் டேட்டா சேரும். அன்றைய மிச்சத்தை 11:15க்குத் தொடங்கி விட்டால், 12 மணி தாண்டியதும் மறுநாளின் 1.5 ஜிபியும் அதே ஓட்டத்தில் இறங்கிவிடும். இரண்டே இரவில் பெரும்பகுதி முடியும். அப்போது கோபுரத்தில் நெரிசலும் குறைவு. டேட்டா தீர்ந்த பிறகு வரும் 64 கேபிபிஎஸ்ஸையும் ஒதுக்கிவிடாதீர்கள். நொடிக்கு 8 கேபி, மணிக்குச் சுமார் 29 எம்பி. ஓர் இரவு முழுக்க ஓடவிட்டால் 200 எம்பிக்கு மேல் சேரும். தொடர்பு அறுந்தாலும் தானாகத் தொடரும் நிரலாக இருந்தால் அது பயன்படும்.

அந்த நிரல் எது என்பதுதான் முக்கியம். கைபேசி உலாவியிலோ கணினி உலாவியிலோ பெரிய கோப்பை இறக்காதீர்கள். 90 சதவீதத்தில் 'தோல்வி' என்று காட்டிவிட்டு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும் உலாவிகளை நிறையப் பார்த்துவிட்டேன். கணினியில் டபிள்யூகெட் அல்லது ஏரியா2 என்ற பதிவிறக்க நிரலைப் பயன்படுத்துங்கள். டபிள்யூகெட்டில் '-c' என்ற தெரிவைச் சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து எடுக்கும். கைபேசியிலேயே செய்வதானால், லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு அதற்குள் இதே டபிள்யூகெட்டை ஓட்டலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டெபியனின் நிலைப் பதிப்புக்குச் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருத்தப் பதிப்பு வரும். நீங்கள் மெதுவாக இறக்கிக்கொண்டிருக்கும்போது அது வந்துவிட்டால், பழைய ஐஎஸ்ஓ அந்த முகவரியிலிருந்து நீக்கப்பட்டுவிடும். தொடர முயன்றால் 'கோப்பு இல்லை' என்று வரும். பதற வேண்டாம். பழைய பதிப்புகள் எல்லாம் டெபியனின் ஆவணப் பகுதியில் அப்படியே இருக்கும். அங்கே அதே பெயருள்ள கோப்பைக் கண்டுபிடித்து, முகவரியை மட்டும் மாற்றித் தொடருங்கள்.

டோரன்ட், அதாவது கோப்பைப் பல பயனர்களின் கணினிகளிலிருந்து பகிர்ந்து எடுக்கும் முறை, இன்னும் நல்லது. டெபியன் தன் ஐஎஸ்ஓக்களுக்கு அதிகாரபூர்வ டோரன்ட் தருகிறது. டோரன்ட் கோப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்கும். அதனால் எத்தனை முறை அறுந்தாலும் கெட்டுப்போகாது. இதை வைத்து ஒரு அருமையான காரியம் செய்யலாம். வேறு வழியில் இறக்கிய ஐஎஸ்ஓ கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அதே ஐஎஸ்ஓவின் டோரன்டைத் திறந்து, கெட்ட கோப்பு இருக்கும் இடத்தையே சேமிப்பிடமாகக் காட்டி, மறுபரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 99 சதவீதம் சரி என்று காட்டிவிட்டு, பழுதான சில துண்டுகளை மட்டும் இறக்கிக்கொள்ளும். 3.7 ஜிபியை மறுபடி இறக்க வேண்டிய இடத்தில் சில எம்பியோடு முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டோரன்ட் பிறருக்கு அனுப்புவதும் உங்கள் டேட்டா கணக்கில்தான் சேரும். கைபேசி டேட்டாவில் ஓட்டும்போது அனுப்பும் வேகத்தை மிகக் குறைவாக வைத்து, முடிந்ததும் நிறுத்துங்கள். நல்ல இணைப்புள்ள இடத்துக்குப் போகும்போது திறந்துவிட்டு அந்தக் கடனை அடைக்கலாம்.

ஆனால் முழுவதையும் நீங்களே இறக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். பென்டிரைவில் படம் வாங்கி வருவது போல மென்பொருளை வாங்கி வர நம்மில் பலருக்குக் கூச்சம் இருக்கிறது. திருட்டு நகல் என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது. டெபியனை நகலெடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதன் உரிமமே நகலெடுத்துக் கொடு என்றுதான் சொல்கிறது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கியதிலிருந்து டெபியன் இப்படிக் கைமாறித்தான் வளர்ந்தது. உபுண்டு 2005 முதல் 2011 வரை உலகம் முழுக்க இலவசமாக சிடி அனுப்பியது. ஷிப்இட் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். இணையமே இல்லாத ஊர்களுக்குத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த அந்த சிடியில்தான் என் தலைமுறையில் பலர் முதன்முதலாக லினக்ஸைப் பார்த்தோம். ஒரு சிடி வந்தால் பத்துப் பேர் நகலெடுத்தோம்.

ஆகவே கேட்டுப் பாருங்கள். கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காவோ, நகரத்தில் வேலை செய்யும் உறவினரோ இருந்தால் 8 ஜிபி பென்டிரைவைக் கொடுத்தனுப்பலாம். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் என்று பல ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு நகல் தருவார்கள், போட்டும் தருவார்கள். ரயில் நிலையங்களில் இருக்கும் ரயில்வயர் வைஃபையும் ஒரு வழி. முதல் 30 நிமிடம் இலவசம். கட்டணத் திட்டங்களை 2021இல் அறிவித்தபோது 10 ரூபாய்க்கு ஒரு நாளில் 5 ஜிபி என்றுதான் தொடங்கினார்கள். டிவிடி-1 அதற்குள் தாராளமாக அடங்கும். சந்தைக்கோ மருத்துவமனைக்கோ டவுனுக்குப் போகிற நாளில் இதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய தேவையும் இல்லை. கைபேசியில் இறக்கிக்கொண்டு வந்து, ஓடிஜி இணைப்பியில் பென்டிரைவைச் செருகி, எட்ச்ட்ராய்டு என்ற கட்டற்ற செயலியால் கைபேசியிலிருந்தே அதில் எழுதிவிடலாம். நடுவில் கணினியே வேண்டாம். விண்டோஸ் கணினி இருந்தால் ரூஃபஸ் போதும். எப்படி எழுதட்டும் என்று அது கேட்டால் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் வைத்திருக்க விரும்பினால் வென்டாய் இருக்கிறது. அதை ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு ஐஎஸ்ஓவைச் சாதாரணக் கோப்பாக நகலெடுத்தாலே போதும்.

எழுதுவதற்கு முன் செக்சம் (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எண்) பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐஎஸ்ஓ இருக்கும் அதே பக்கத்தில் எஸ்எச்ஏ256 பட்டியலும் இருக்கும். அது சில வரிகள்தான். உங்கள் கோப்பின் எண்ணைக் கணக்கிட விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளை, லினக்ஸிலும் டெர்மக்ஸிலும் எஸ்எச்ஏ256சம் கட்டளை. வருகிற நீண்ட எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மேலே சொன்ன டோரன்ட் வைத்தியம். பென்டிரைவும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். 32 ஜிபி என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலிகள் சந்தையில் உண்டு. ஒரு கடையில் வாங்கிய அப்படி ஒன்றால் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். நிறுவல் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். லேப்டாப்பில்தான் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். எஃப்3 என்ற சின்ன நிரல் இந்தப் போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, நிறுவலுக்கு வருவோம். லேப்டாப்பில் இருக்கும் கோப்புகளை முதலில் வேறு எங்காவது நகலெடுத்து வையுங்கள். நிறுவி தமிழிலும் பேசும். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. வலையமைப்பு பற்றிக் கேட்கும்போது 'இப்போது அமைக்க வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதுதான் இந்த முழு முறையின் அச்சாணி. வலையமைப்பைக் கொடுத்துவிட்டால் நிறுவி பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் புதிய பட்டியலையும் தேடிக்கொண்டு இணையத்துக்குப் போகும். உங்கள் டேட்டா உங்களைக் கேட்காமலே கரையும். பிறகு 'வேறு ஊடகத்தையும் படிக்கவா' என்று கேட்டால் வேண்டாம். 'பிணைய மிரர் பயன்படுத்தவா' (மிரர் என்பது டெபியன் பேக்கேஜ்களின் இணைய நகல்) என்று கேட்டால் அதற்கும் வேண்டாம். மென்பொருள் தேர்வுத் திரையில் க்னோமில் இருக்கும் குறியை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇயில் குறியிடுங்கள். க்னோம் நல்ல முகப்புதான். ஆனால் 4 ஜிபி ராமில் நான்கு தாவல்கள் திறந்ததும் மூச்சுவாங்கும்.

லேப்டாப்பின் செயலி 64 பிட்தானா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இலிருந்து 32 பிட் கணினிகளுக்கு நிறுவி கிடையாது. அப்படிப்பட்ட கணினியாக இருந்தால் டெபியன் 12 எடுங்கள். அதற்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது.

வைஃபை பற்றி ஒரு பயம் இருக்கும். முன்பெல்லாம் டெபியன் போட்டதும் வைஃபை வேலை செய்யாது. வைஃபை சில்லை இயக்கும் ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று சுற்றவிடும். 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து ஃபர்ம்வேர்களை அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே சேர்த்துவிட்டார்கள். அப்படியும் சில பழைய பிராட்காம் சில்லுகள் முரண்டு பிடிக்கும். அப்போது கைபேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிடுங்கள். லினக்ஸ் அதைச் சாதாரணக் கம்பி இணைப்பு போல எடுத்துக்கொள்ளும். எந்த டிரைவரும் தேவையில்லை.

இனி வருவதுதான் பலர் யோசிக்காத பகுதி. நிறுவல் ஒருநாள் வேலை. டேட்டாவை மாதாமாதம் தின்பது அதற்குப் பிறகு வரும் புதுப்பிப்புகள். எந்த லினக்ஸ் என்று தேர்ந்தெடுப்பதையே இது தீர்மானிக்கிறது. ஆர்ச் போல ஓயாமல் உருளும் பதிப்புகளை இந்த நிலையில் தொடாதீர்கள். நல்லவைதான், ஆனால் மாதத்துக்குப் பல ஜிபி கேட்கும். டெபியனின் நிலைப் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிரப் பெரிதாக எதுவும் மாறாது. கெர்னல் (லினக்ஸின் மையக் கரு) ஒன்று வந்தால் 70 முதல் 100 எம்பி. ஃபயர்ஃபாக்ஸ் மாதத்துக்கு ஒருமுறை சில பத்து எம்பி. மீதி எல்லாம் சில்லறை. பேக்கேஜ் பட்டியலும் அப்படித்தான். முதல் முறை 20 எம்பிக்கு முன்பின் வரும். பிறகு அடுத்த திருத்தப் பதிப்பு வரும்வரை முதன்மைப் பட்டியல் மாறாது, பாதுகாப்புப் பட்டியல் மட்டும் கொஞ்சம் வரும்.

உபுண்டுவை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதன் ஐஎஸ்ஓவே இப்போது 5 ஜிபியைத் தாண்டிவிட்டது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு என்பதால் ஃபேட்32 வடிவில் இருக்கும் பென்டிரைவில் அதை நகலெடுக்கக்கூட முடியாது. அதைவிட, ஃபயர்ஃபாக்ஸ் உட்படச் சில நிரல்கள் அதில் ஸ்னாப் என்ற உபுண்டுவின் தனிப் பேக்கேஜ் வடிவில் வருகின்றன. ஸ்னாப் தானாகவே நாளுக்குச் சில முறை புதுப்பிப்பு தேடி இறக்கும். ஏற்கெனவே உபுண்டு வைத்திருக்கிறீர்கள் என்றால் ஸ்னாப் ரீஃப்ரெஷ் கட்டளையில் 'ஹோல்டு' கொடுத்து நிறுத்தி வையுங்கள். லினக்ஸ் மின்ட் புதியவர்களுக்கு மிகவும் இணக்கமானது, ஐஎஸ்ஓ சுமார் 3 ஜிபிதான். டெபியன் கடினமாகத் தெரிந்தால் தயங்காமல் அதை எடுங்கள். நிறுவும்போது 'மல்டிமீடியா கோடெக்குகள் சேர்க்கவா' என்று அது கேட்பதில் குறியிடாதீர்கள்; அவை இணையத்திலிருந்து வருபவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராம் 1 ஜிபிதான் என்றால் பப்பி அல்லது ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸை எடுங்கள்.

டிவிடியிலிருந்து நிறுவிய டெபியனில், பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட்டின் மூலப் பட்டியலில் அந்த டிவிடி மட்டும்தான் இருக்கும். இணைய மிரருக்கும் பாதுகாப்புப் பகுதிக்கும் உரிய வரிகளை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஐஎஸ்ஓவையும் அழிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்கில் ஒரு மூலையில் வைத்து, லூப் முறையில் மவுன்ட் செய்து (அதாவது வட்டைச் செருகியது போலத் திறந்து), மூலப் பட்டியலில் அதையும் உள்ளூர் மூலமாகச் சேர்த்துவிட்டால் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் டேட்டா செலவே இல்லாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒன்றை நிறுவச் சொன்னால் ஐஎஸ்ஓவில் இருப்பது அங்கிருந்து வரும். இல்லாதது மட்டும் இணையத்திலிருந்து வரும்.

புதிதாக எதையாவது நிறுவும்போது, எவ்வளவு இறக்கப் போகிறேன் என்று ஆப்ட் கேட்கும் வரியைப் படிக்காமல் 'ஆம்' கொடுக்காதீர்கள். பல நேரம் 5 எம்பி நிரலோடு, 'இருந்தால் நல்லது' என்ற வகையில் 200 எம்பி கூட வரும். 'ரெகமெண்ட்ஸ்' வேண்டாம் என்ற தெரிவைக் கொடுத்தால் அது குறையும். அப்புறம், ஆப்ட் கட்டளைக்குப் பதில் ஆப்ட்-கெட் கட்டளையைப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வார்கள். ஆனால் ஆப்ட், நிறுவி முடித்ததும் இறக்கிய பேக்கேஜ் கோப்புகளை (டெப்) அழித்துவிடும். ஆப்ட்-கெட் அவற்றைக் கேஷ் கோப்புறைக்குள் ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் அப்படியே வைத்திருக்கும். அதைப் பென்டிரைவில் எடுத்துப் போய் இன்னொரு டெபியன் கணினியில் அதே கோப்புறைக்குள் போட்டால், அங்கே புதுப்பிக்கும்போது அவை மறுபடி இறங்காது. இரண்டு கணினிகளும் ஒரே பதிப்பாக, ஒரே கட்டமைப்பாக இருந்தால் போதும்.

வீட்டு டேட்டாவையே தொடாமல் புதுப்பிக்கவும் வழி உண்டு. ஆப்ட்-ஆஃப்லைன் என்று ஒரு கருவி. உங்கள் லேப்டாப்பில் அதை ஓட்டினால், என்னென்ன தேவை என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதிக் கொடுக்கும். அந்தக் கோப்பையும் கருவியையும் நல்ல இணைப்புள்ள எந்தக் கணினிக்கும் கொண்டுபோகலாம். பைத்தானில் எழுதியது என்பதால் விண்டோஸிலும் ஓடும். அங்கே தேவையானதை எல்லாம் இறக்கி ஒரே ஜிப்பாகக் கட்டிவிடும். வீட்டுக்கு வந்து ஜிப்பைக் காட்டினால் முடிந்தது. கட்டளை எழுதத் தயக்கம் என்றால் சினாப்டிக் என்ற வரைகலை நிரலிலும் இதே போல ஒரு வசதி இருக்கிறது. வேண்டியவற்றைக் குறித்துவிட்டு, கோப்புப் பட்டியலில் 'பதிவிறக்க ஸ்கிரிப்ட் உருவாக்கு' என்பதை அழுத்தினால் முகவரிகளை வரிசையாக எழுதித் தரும். அவற்றை வேறு இடத்தில் இறக்கி வந்து, அதே பட்டியலில் இருக்கும் 'இறக்கிய பேக்கேஜ்களைச் சேர்' என்பதால் சேர்த்துக்கொள்ளலாம். மாதத்துக்கு இரண்டு முறை இப்படிச் செய்தாலும் போதும். டேட்டா இல்லை என்பதற்காகப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், குறிப்பாக உலாவியை.

தானாக ஓடுபவற்றை அடக்க இன்னொரு கடிவாளம் உண்டு. ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால் இது அளந்து தரும் இணைப்பு என்று நெட்வொர்க்மேனேஜர் பெரும்பாலும் தானே ஊகித்துக்கொள்ளும். நீங்களும் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பு அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். நீங்களாக ஆப்ட்-கெட் ஓட்டினால் மட்டும் அது தடுக்காது.

இதைப் படிப்பவர்களில் பள்ளி ஆசிரியர் யாராவது இருந்தால் அவர்களுக்காக ஒரு பத்தி. பத்துக் கணினிகளுக்குப் போட வேண்டும் என்றால், ஒன்றில் மட்டும் முதலில் டெபியனை முடித்து, அதில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற பேக்கேஜைப் போடுங்கள். அது 3142 என்ற போர்ட்டில் காத்திருக்கும். மற்றக் கணினிகளில் நிறுவும்போது எச்டிடிபி பிராக்ஸி கேட்கும் இடத்தில் அந்தக் கணினியின் முகவரியையும் 3142ஐயும் கொடுத்தால் போதும். ஒரு கணினி கேட்ட பேக்கேஜ் அங்கே தங்கிவிடும். மற்ற ஒன்பதுக்கும் பள்ளிக்குள்ளேயே கம்பி வழியாகப் போகும். 10 ஜிபி செலவாக வேண்டியது 1 ஜிபியில் முடியும். மேலே நான் வேண்டாம் என்ற நெட்இன்ஸ்ட் இந்த ஒரு இடத்தில் நன்றாகவே பொருந்தும். மாதாமாதம் வரும் புதுப்பிப்புக்கும் இதே வழிதான். இரண்டு மணி நேரத்தில் அமைத்துவிடலாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

தமிழுக்கு வருகிறேன். இதற்கு டேட்டா செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். லோஹித் தமிழ் எழுத்துரு 1 எம்பிகூடக் கிடையாது. தட்டச்சுக்கு, அமைப்பிலேயே ஏற்கெனவே இருக்கும் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்று ஒன்று தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அது விசைக்கு விசை எழுத்தைப் போடுமே தவிர, தமிழ்99இன் உயிரான தானியங்கிப் புள்ளி அதில் வராது. 'பக்கம்' என்று அடிக்க இரண்டு முறை க அழுத்தினால் முதல் க தானாக க் ஆக வேண்டும், இல்லையா? அதற்கு ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுப் பேக்கேஜ் வேண்டும். சில எம்பிதான். அதில் தமிழ்99, ஒலியியல் முறை இரண்டும் இருக்கின்றன. நிறுவிவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தெரியும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இரண்டுதான். டெர்மக்ஸைப் போட்டுக்கொண்டு, டிவிடி-1இன் முகவரியையும் எஸ்எச்ஏ256 வரியையும் குறித்து வையுங்கள். இரவு 11:15க்குக் கைபேசியைச் சார்ஜரில் செருகி, ஜன்னல் பக்கம் சிக்னல் நன்றாக வரும் இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். டெர்மக்ஸின் அறிவிப்பில் 'வேக்லாக்' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் திரை அணைந்த பிறகும் பதிவிறக்கம் நிற்காது.